இருபது நிமிடக் கதைகள்

வாட்ஸோ நகர நூலகத்தின் பின்னறையில்
புதன்கிழமை பதினொரு மணிக்கு
ஒன்பது பேர் கூடுவோம்.
கதை தேர்ந்தெடுப்பது என் வேலை.
படகுத்துறையில் முப்பது வருடம் சீட்டுக் கிழித்தவளுக்கு
ஆள் எடை தெரியும் என்று
யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

இருபது நிமிடத்துக்குள் முடிய வேண்டும் கதை.
அதற்குமேல் போனால்
தோர்லெய்ஃப் தன் காதுக்கருவியை அணைத்துவிடுவார்,
அணைத்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார்.
முட்டை வேகவைக்கும் மணியை முடுக்கிவிட்டு
ஞாயிறு இரவு உரக்க வாசித்துப் பார்க்கிறேன்,
பூனை கேட்க.
பூனை எந்தக் கதைக்கும் எழுந்துபோனதில்லை.
அதன் ரசனையை நான் நம்புவதில்லை.

நாய் சாகிற கதை வேண்டாம் என்றார் மாக்னே.
மருத்துவமனை வேண்டாமென்று ஒருவரும் சொல்லவில்லை,
நானாகவே தள்ளிவைத்தேன்.
கடைசிப் பத்தியில் எல்லாம் கனவென்று முடிப்பவர்களை
யோருன் மன்னிக்கமாட்டாள்;
ஒருமுறை காப்பியைக்கூடத் தொடாமல் கிளம்பிப் போனாள்.
ஒரு கதை, அத்தனை அழகு,
ஆனால் வாக்கியம் முடிவதற்குள் மூச்சு முடிந்தது.
கண்ணுக்கு எழுதியவர் நுரையீரலை மறந்துவிட்டார்.
நகலெடுக்கும் இயந்திரம் வேறு பக்க ஓரத்தைக் கடித்துவிடும்,
கடிபட்ட சொற்களைப் பேனாவால் எழுதிச் சேர்ப்பேன்.

இப்படிச் சலித்துச் சலித்துச்
சல்லடையில் மிஞ்சியது ஒரு லாரி ஓட்டுநர்.
பனிப்புயலில் வழி அடைபட்டு
முன்பின் தெரியாத வீட்டில் ஓரிரவு தங்கி
விடிந்ததும் அந்த வீட்டுக் கரண்டி ஒன்றைத்
திருடிக்கொண்டு போகிறவன்.
பதினெட்டு நிமிடம். நாய் இல்லை. சாவு இல்லை.
கரண்டியை ஏன் எடுத்தான் என்று
அரைமணி நேரம் சண்டை போடலாம்.

முதல் இரண்டு பக்கம் அவன் வெறும் ஓட்டுநர்.
மூன்றாம் பக்கம் போர்கில்டின் முறை.
வீட்டுக்காரி கதவைத் திறந்து பெயர் கேட்கிறாள்.
போர்கில்ட் நின்றாள்.
கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்தாள், மாட்டிக்கொண்டாள்.
"நில்ஸ் என்றான் அவன்" என்று வாசித்தாள்.

என் கையிலிருந்த தாளில் ஹால்வர் என்றிருந்தது.
எல்லார் தாளிலும் அப்படித்தான்,
பதினாறு புள்ளி எழுத்தில், கறுப்பாக.

நாயைத் தேடினேன், மருத்துவமனைக் கட்டிலைத் தேடினேன்,
கனவைத் தேடினேன்.
பெயரைத் தேடத் தோன்றவில்லை எனக்கு.
நவம்பரில் தேவாலயத்தில்
போர்கில்டுக்குப் பின்வரிசையில் நின்று
அதே பெயர் அச்சிட்ட தாளைப் பிடித்துக்கொண்டு
பாடியவள்தான் நானும்.

நில்ஸ் சூப் குடித்தான்.
நில்ஸ் ஈரக் காலுறையை அடுப்பருகே காயப்போட்டான்.
உறைந்த ஏரியின்மேல் நடக்கிறவள்போல்
ஒரே மட்டத்தில் போனது அவள் குரல்.
பக்கம் முடிந்தது. அடுத்து தோர்லெய்ஃப்.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது:
கருவி அணைந்திருந்தால்
தாளில் உள்ளதைத்தானே வாசிப்பார்?

தொண்டையைச் செருமினார்.
விரலை வரியின்மேல் வைத்தார்.
"நில்ஸுக்குத் தூக்கம் வரவில்லை."
பிறகு யோருன், பிறகு மாக்னே.
ஒருவர் நாக்கும் இடறவில்லை.
கரண்டியை நில்ஸே எடுத்துக்கொண்டு போனான்.
கரண்டிக்காகச் சண்டையும் போட்டோம்,
வழக்கத்தைவிடச் சத்தமாக.

சன்னலில்
வந்ததா போனதா தெரியாத பிப்ரவரி வெளிச்சம்.
கோட்டு மாட்டுமிடத்தில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
போர்கில்ட் ஒற்றைக் கையுறையைத் தேடிக்கொண்டிருந்தாள்.
"அந்தப் பெயரில் இன்னொரு கதை கொண்டு வா.
உடனே வேண்டாம், ஈஸ்டர் போகட்டும்.
அதில் அவன் திருடக் கூடாது.
இவருக்குத் திருடவும் தெரியாது,
லாரி ஓட்டவும் தெரியாது.
வீட்டுக்குள் வரும்போது
காலணியைக் கழற்ற மறக்கிறவனாக இருந்தால் போதும்."

ஞாயிறு இரவு. முட்டை மணி ஓடுகிறது.
மேசையில் ஏழு தொகுப்புகள் பிரித்துக் கிடக்கின்றன.
வாசலிலேயே கழற்றிவிட்டு வருகிறவர்கள்தான்
எத்தனை பேர்
இந்தக் கதைகளில்.