நூற்றுப் பன்னிரண்டாம் வரிசை

"தம்பி, பெட்டிக்குள்ள பல்லி கத்துது"
என்றார் குஞ்சரி அக்கா.
போனில் எனக்கும் கேட்டது.
டிக். டிக். கொஞ்சம் நின்று, டிக்.

எந்தத் திசையில் பல்லி சொன்னால் என்ன பலன் என்று
பஞ்சாங்கத்தில் கட்டம் போட்டிருக்கிறது.
ஹார்ட் டிஸ்க் சொன்னால்
எட்டுத் திசைக்கும் ஒரே பலன்.
"அணைச்சிடுங்க. திரும்பப் போடாதீங்க" என்றேன்.
ஏற்கெனவே ஏழு தடவை போட்டுப் பார்த்தாராம்.
எட்டாவதுக்கு ஊதுபத்தி கொளுத்தியிருக்கிறார்.

செந்தூலில் மழை.
கடைவீட்டின் கீழே நாற்பது கிலோ வெங்காயம் உரிகிறது.
மேல்மாடியில் நான்
கண் கலங்கத் திருகாணி கழற்றுகிறேன்.
பார்ப்பவர்கள்
டிஸ்க்குக்காக அழுகிறேன் என்று நினைக்கலாம்.

விசிறியில் மஞ்சள் தூள்.
காற்றுத் துவாரத்தில் ஒரு கறிவேப்பிலை, காய்ந்து, முழுசாய்.
பூஜ்யத்தின் மேல் சம்பால் ஒட்டிக்கொண்ட போன வருஷம்
ஐம்பது சாப்பாடு ஐயாயிரமாய் பில் போய்
ஒரு கல்யாண வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்,
இதோ இந்த நாற்காலியில்.
ஆண்டிவைரஸ் காலாவதியாகி மூன்று தீபாவளி.
கடவுச்சொல், காலண்டர் அட்டையின் முதுகில்.
"பேக்கப் இருக்கா?"
பென்டிரைவ் ஒன்றை நீட்டினார், பெருமையாக.
இரண்டு முருகன் பாட்டு,
மகனின் பட்டமளிப்புப் படம். அவ்வளவுதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து இரவெல்லாம் ஓட்டினேன்.
மென்பொருள் சலித்தது. மணி ஒன்றுக்குப் பதினொரு சதவீதம்.
பெயர் இழந்த கோப்புகள்
வெறும் எண்களாய் எழுந்து வந்தன:
மெனு, சம்பளம், வரி இலாகாவுக்குப் போன இன்வாய்ஸ்,
எழுத்துரு இல்லாமல்
கட்டம் கட்டமாய் விழித்த யாரோ ஒருவரின் அழைப்பிதழ்.

விடிவதற்குச் சற்று முன் அது திறந்தது.
'வர வேண்டியது.' எக்செல். நூற்று நாற்பது வரிசை.
டத்தோ வீட்டு நிச்சயதார்த்தம், மூவாயிரத்து இருநூறு.
பள்ளிப் பெற்றோர் சங்கம், அறுநூறு.
நூற்றுப் பன்னிரண்டு:
கம்ப்யூட்டர் சுகு, மகள் காதணி விழா,
நானூற்று எண்பது வெள்ளி.

மூன்று வருஷம்.
நான் மறக்கவில்லை.
மறந்தவன் மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தேன்.
அவரும் கேட்டதில்லை.
பிரிண்டருக்கு மை ஊற்றப் போன நாளெல்லாம்
ஒரு டப்பா சோறு கட்டிக் கொடுத்தார்.

ஒரு கோப்பு எழுந்து வராமல் போவது
என் தொழிலில் சகஜம்.
"செக்டர் போச்சு அக்கா":
எதிர்க்கேள்வி இல்லாத மூன்று சொல்.
விரல் அந்த வரிசையின் மேல் நின்றது.
எவ்வளவு நேரம் என்பதை
எந்த மென்பொருளும் குறித்து வைக்கவில்லை.

மறுநாள் புது டிஸ்க்கில் எல்லாம் ஓடியது.
நூற்று நாற்பதும்.
"கூலி எவ்வளவு?"
"முந்நூத்தம்பது அக்கா."
கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.
நான் சொல்லிக்கொடுத்தபடி
தேடும் கட்டத்தைத் திறந்து
ஒற்றை விரலால் தட்டினார்.
சு.
கு.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து
ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தார்.
நீல அட்டை, எண்ணெய்ப் பிசுக்கு.
நானூற்று எண்பதை அடித்து
நூற்று முப்பது என்று எழுதினார்.

பக்கம் பக்கமாய்
டத்தோ, பெற்றோர் சங்கம், எல்லாரும் அதிலும் இருந்தார்கள்.

"இது இருக்கும்போது
எதுக்கக்கா இவ்வளவு செலவு?"
"நோட்டுல தேட முடியாதே தம்பி."

கீழே யாரோ தாளிக்கிறார்கள்.
பென்டிரைவில் முருகன் பாட்டுக்குக் கீழே
ஒரு பிரதி போட்டுக் கொடுத்தேன்.
அதற்கு முன்
நூற்றுப் பன்னிரண்டில் தொகையை நானே திருத்தினேன்.
பூஜ்யம் இன்னும் கொஞ்சம் ஒட்டுகிறது.
ஒரு தடவைக்கு இரண்டு தடவை
சரிபார்த்தேன்.