இடக்கைப் பின்னல்

தடைக்காலம், நாற்பதாம் நாள்.
அக்கரைப்பேட்டையில்
கடுவையாற்றுத் தண்ணீரே தெரியவில்லை.
படகோடு படகு தோள் ஒட்டிக் கிடக்கிறது;
ஐந்தாவது படகின் உயிர்
முதல் படகின் கயிற்றில்.

பதிவுப் புத்தகத்தில் என் பேர்.
ஆனாலும் அணியத்தில் என் கால் படக் கூடாதாம்.
கரைக்கு இறங்கி வருவது கயிறு மட்டும்,
அதனால் கயிறு என் பாடு.

மாசிலாமணி நான்கையும் இழுத்து வந்து போட்டுவிட்டு
டீக்கடைக்குப் போனார்.
ஈரக் கயிறு செத்த மாட்டின் கனம்.
ஒரு வருஷத்து உப்பு, டீசல்,
நண்டின் ஒற்றைக் கால்,
விரலைக் கிழிக்கிற கொட்டலசு.

"குடிக்கிற தண்ணியிலயா கயித்துக்குக் குளிப்பாட்டு?"
பாக்கியவதி குடத்தை நகர்த்திக்கொண்டே கேட்டாள்.
லாரி இன்று வந்தது. நாளை வராது.
மேட்டூரைத் திறந்தாலும்
எல்லா வயலிலும் நின்று நின்று
இங்கே வரும்போது ஆற்றுக்குப் பேர்தான் மிச்சம்.
அரை டிரம் ஊற்றினேன்.
உப்பை எடுக்க உப்புத் தண்ணீர் ஆகாது,
அவளுக்கும் தெரியும்.

துணிசோப்பு ஒரு கை. தேங்காய் நார்.
பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது,
நைலான் நொந்துபோகும்.
பிறகு முழம் முழமாய்
முறுக்கை எதிர்ப்பக்கம் திருகி
புரிக்குள்ளே பார்க்க வேண்டும்,
பேன் பார்ப்பதுபோல.
மணல் உள்ளேதான் உட்கார்ந்து அறுக்கும்.

மூன்றாவது கயிறு.
பின்தலைக் கயிறு.
பாதியில் கை நின்றது.

அறுந்து, கூடியிருந்தது.
புரிக்குள் புரி செருகி
இழுத்து இறுக்கிய பின்னல்.
எங்கள் வீட்டுப் பின்னல் இல்லை.
புரிகள் எதிர்ப்பக்கம் சாய்ந்து இறங்கியிருந்தன.
இந்தத் துறையில்
இடக்கையால் கயிறு பின்னுகிறவன் ஒருத்தன்தான்.

கார்த்திகைப் புயலன்று மாசிலா
காய்ச்சலில் போர்வைக்குள் கிடந்தார்.
மறுநாள் படகு நின்ற இடத்தில் நின்றது.
அன்றிலிருந்து டீக்கடையில்
"எங்கட்டு நின்னுச்சுடா"
எத்தனை முறை சொல்லியிருப்பார்.

அஞ்சப்பனோடு பேச்சில்லை, இரண்டு வருஷமாய்.
கியர்பாக்ஸ் வாங்கியதில் பதினெட்டாயிரம்.
அவர் கொடுத்தேன் என்கிறார்,
அவன் வரவில்லை என்கிறான்.
ஆனால் துறையில் இடம் ஏது,
அவன் படகு எங்கள் படகில்தான் கட்டிக் கிடக்கிறது.

எங்கள் கயிறு போனால்
அவன் படகும்தானே சேர்ந்து போகும்,
அதற்காகப் பின்னியிருப்பான்
என்று ஒரு கணக்குப் போட்டேன்.
கணக்கு சரியாகத்தான் வந்தது.
பின்னலை எண்ணினேன்.
அந்தக் கணக்குக்கு மூன்று செருகல் போதும்.
ஏழு போட்டிருக்கிறான்.
அந்த மழையில், அந்த இருட்டில்,
ஒவ்வொரு நுனியையும் தீயில் உருக்கி
கை கிழியாதபடி தேய்த்தும் விட்டிருக்கிறான்.

மாசிலாவிடம் சொல்லவில்லை.
சொன்னால் அந்த "எங்கட்டு" என்னாவது.
கயிற்றைத் தலைமாற்றிப் போடச் சொன்னேன்,
உரசுகிற இடத்தில் பழைய ஹோஸ் மாட்டச் சொன்னேன்.
பின்னலைப் பிரிக்கச் சொல்லவில்லை.

டிரம்மில் தண்ணீர் கொஞ்சம் இருந்தது.
"அந்தப் பக்கத்துக் கயிறு ரெண்டும் எடுங்க,
நம்ம மரத்துலதான் உரசுது" என்றேன்.
முறைத்தார். எடுத்துப் போட்டார்.
அவனுடையது இன்னும் மோசம்.
பாசி வழுக்கி, ஒரு முனை பூப்போல விரிந்து.
மெழுகுவர்த்தி வைத்து முனையைக் கட்டினேன்.
வெயிலில் போடாமல்
ஏலக்கூடத்து நிழலில் ஆறையும் தொங்கவிட்டேன்.

சாயங்காலம் வத்தம் இறங்கும் நேரம்
அஞ்சப்பன் வந்தான்.
தன் கயிற்றைக் கண்டுபிடிக்க
அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.
தொட்டான். முகர்ந்தான்.
இடக்கையில் சுருட்டித் தோளில் போட்டான்.

என்னைப் பார்க்காமல்,
தண்ணீரைப் பார்த்துச் சொன்னான்:
"சோப்பு ஜாஸ்தி."