இருநூற்றுப் பதிமூன்றாவது ஆள்

செந்தூல். இரவு பதினொன்றே கால்.
மாடியில் ஒத்திகை, கீழே
இருபத்துநான்கு மணிநேர டோபி.
நான் கீழே.
யாரோ போட்டுவிட்டுப் போன போர்வை சுழல,
அந்த இயந்திரத்தின் தலையில் மடிக்கணினியை வைத்து
பினாங்கு இரவுக்குக் கணக்குப் போடுகிறேன்.
எண்கள் நடுங்குகின்றன.
பயமில்லை, பிழிகிற வேகம்.

மண்டபம் இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி.
பாதி முன்பணம், திரும்பாது.
ஒலியும் ஒளியும் மூவாயிரத்து இருநூறு.
புகை இயந்திரமும் வேண்டுமாம் லெனின்ராஜுக்கு.
முச்சந்தியில் சாத்தே சுடுகிறவரை
விசிறியோடு மேடையேற்று என்றேன்.
மூன்று நாளாகப் பேச்சில்லை.
வேன், டீசல், டோல், எழுநூற்று நாற்பது,
பாக் ஹம்சாவின் தூக்கம் சேராமல்.
அறை இரண்டு, இருநூற்று அறுபது.
ஜெரோமின் குறட்டைக்காக மூன்றாவது கேட்டார்கள்,
அடித்துவிட்டேன்.
சாப்பாடு நூற்று எண்பது.
ஆளுக்கு இருநூறு, நான்கு பேர்.
எனக்கென்று வரி போடவில்லை.

கடைசியில் 'எதிர்பாராதது', ஐந்நூறு.
எதிர்பார்த்துத்தான் எழுதுகிறேன்.
போன முறை அது தைப்பிங் மழை.
அதற்கு முந்தைய முறை
அப்பா விழுந்துவிட்டாரென்று
இடைவேளையில் கிளம்பிப் போனாள் சுபத்ரா.
கீபோர்டு இல்லாமல் நாலு பாட்டு.
அந்த நாலு பாட்டை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கூட்டினால் எட்டாயிரத்து நானூற்று எண்பது.
டிக்கெட் நாற்பது. வகுத்தால்
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
மச்சான்கள், அத்தை மகள்கள்,
'நம்ம பையன்தானே, ஒரு பாஸ் போடு' என்பவர்கள்
இதில் சேர்த்தி இல்லை.
முன்வரிசையில் இருப்பார்கள்,
கணக்கில் இருக்கமாட்டார்கள்.

ஆக, லாபம் என்று ஒன்று இருந்தால்
அது இருநூற்றுப் பதிமூன்றாவது ஆளிடம் இருக்கிறது.

கொஞ்ச நாளாக எனக்கு அவளைத் தெரியும்.
பாயான் லெபாஸில் ஆலை வேலை, இரவு நேரம்.
வெள்ளிக்கிழமை, அவளுக்கு ஓய்வு நாள்.
கையில் ஐம்பத்தைந்து வெள்ளி,
சம்பளத்துக்கு இன்னும் நாலு நாள்.
மோட்டாருக்கு எண்ணெய் ஐந்து.
நாற்பதை எங்களுக்குக் கொடுத்தால்
பத்து வெள்ளியில் நாலு நாள்.
மண்டப வாசலில் நிற்கிறாள்,
ஹெல்மெட்டைக் கழற்றாமல்.
உள்ளே மூன்றாவது பாட்டில்
கவியரசன் குச்சியைத் தூக்கி
அடிக்காமல் ஒரு நொடி நிறுத்துவானே,
அந்த இடம்.
சுவரைத் தாண்டி அந்த நொடி
வெளியே கேட்குமா?
வாங்கு என்கிறது கட்டம்.
வீட்டுக்குப் போ, சாப்பிடு என்று
எனக்கு வாய் வருகிறது.

எதிர்பாராததை
நானூற்று அறுபதாகக் குறைத்தேன்.
'வாசல்' என்று புதிதாக ஒரு வரி, நாற்பது.
கூட்டுத்தொகை அசையவில்லை.
லெனின்ராஜ் கேட்டால்
வாசலில் பூ வைக்க என்று சொல்லிக்கொள்ளலாம்.

இயந்திரம் நின்றது. எண்களும்.
போர்வைக்காரர் வந்தார்,
கைலி, ஒரு காலில் மட்டும் பிளாஸ்டர்.
'தங்கச்சி, காயவைக்க ஐம்பது காசு குறையுது,
இருக்கா?'
இருந்தது.
கொடுத்தேன்.
எழுதவில்லை.