எண்பத்து மூன்று விழுக்காடு

பட்டர்வொர்த் படகிலிருந்து இறங்கினேன்.
முன்னால் இருவர்,
பின்னால் மோட்டார்சைக்கிள்களின் புகை.
"ஐசி எடு."
குணசீலன், தகப்பன் பெயர் பெரியண்ணன், எல்லாம் சரி.
அவர்கள் அதைப் பார்க்கவில்லை,
கையிலிருந்த திரையைப் பார்த்தார்கள்.

சுங்கை பட்டாணியில் நகைக்கடை உடைத்த எவனோ
எண்பத்து மூன்று விழுக்காடு நானாம்.

பாலாயில் நான்கு மணி நேரம்.
மின்தூக்கி பழுதுபார்க்கும் ஸ்பேனர்களை
மேசையில் சாட்சிகள்போல அடுக்கினார்கள்.
நாசி லெமாக் பொட்டலம் பையிலேயே ஊசிப்போனது.

மங்கலான படத்தில் அவனைக் காட்டினார்கள்.
தாடை என்னுடையதுதான். நெற்றிகூட.
பசித்தவன் போலிருந்தான்.
"இது நானில்லை" என்றபோது
குரல் எனக்கே கொஞ்சம் இறங்கியது.

யாரைக் கேட்டு என் முகத்தை எடுத்தீர்கள்?
கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.
லோக்காப் கதவு தெரிந்தது.
தண்ணீர் கேட்டேன்.

மூன்று மொழி பேசும் இன்ஸ்பெக்டருக்கு
மன்னிப்பு மட்டும் எந்த மொழியிலும் வரவில்லை.
"உன் படம் கோப்பில் இருக்கும், அதுதான் முறை."

அன்றிரவே மீசையை மழித்தேன்.
மகள் கதவைப் பாதி திறந்தபடி நின்றாள்.
கைப்பேசி என்னை மறுத்து
ரகசிய எண் கேட்டது.
மறுநாள் படகுத்துறைக் கம்பத்தில்
அந்தக் கறுப்புக் கண் மட்டும்
தயங்கவே இல்லை.
அதே இருவர் வந்தார்கள்,
இம்முறை பெயர் சொல்லியே கூப்பிட்டார்கள்;
அவன் பெயர்.

இப்போதெல்லாம் கூட்டத்தில் அவனைத் தேடுகிறேன்.
பிடித்துக் கொடுக்க அல்ல.
அவனையும் எங்காவது
குணசீலா என்று நிறுத்துகிறார்களா,
கேட்க வேண்டும்.