புதிய சேதம்: இல்லை

பெப்ரவரி. நானூற்றொன்று நெடுஞ்சாலை முழுக்க உப்புச் சேறு.
வாட்டர்லூவிலிருந்து ஹாமில்டன்,
ஹாமில்டனிலிருந்து ஒஷாவா,
பங்குனி பிறந்தால் கிங்ஸ்டன்.
நான்கு ஊர்க் காட்சிக்கூடங்கள், முப்பத்தொரு பெட்டிகள்.
எல்லாம் கண்ணாடி.

பின்னால் வருகிறவன் ஹார்ன் அடிக்கிறான்.
அடிக்கட்டும்.
எண்பதைத் தாண்டினால் பதினேழாம் பெட்டி முனகும்.
உனக்கு மட்டும் கேட்கிற முனகல் என்பாள் மிரேலா,
பக்கத்து இருக்கையில் காலை மடித்துப்போட்டு
சூரியகாந்தி விதை கொறித்தபடி.

போய்ச் சேர்ந்ததும் திறக்கக் கூடாது.
ஒரு பகல், ஓர் இரவு
பெட்டி அந்த அறையிலேயே மூடிக் கிடக்க வேண்டும்.
வெளியே பூச்சியத்துக்குக் கீழே பத்தொன்பது,
உள்ளே இதமான இருபத்தொன்று.
அவசரப்பட்டால்
யாரும் தொடாமலே ஒரு சின்ன ‘டிக்’.
அவ்வளவுதான்.
காத்திருக்கும் நேரத்துக்கும் சம்பளமா என்று
கணக்குப் பிரிவில் ஒருவர் கேட்டார்.
ஆமாம் ஐயா,
நாங்கள் சும்மா இருப்பதும் வேலைதான்.

மறுநாள் நீலக் கையுறை. (துணி வழுக்கும்.)
டார்ச்சைச் சரித்துப் பிடித்து
நான் தேடுவேன், மிரேலா எழுதுவாள்.
எண் ஒன்பது: விளிம்பில் மயிரிழைக் கீறல், பழையது.
எண் இருபத்திரண்டு: கறுப்பாய் ஒரு பொட்டு,
உலையிலேயே ஒட்டிக்கொண்டது.
எண் பதினேழு: அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே
கடுகளவு குமிழி.
சேதம் அல்ல என்று எழுது,
அடிக்கோடும் போடு.

பதினேழைச் செய்தவர் பீட்டர்பரோவில் இருக்கிறார்,
வினிஃப்ரெட் ஓட்வே என்று பெயர்.
ஆளைக் கண்டதில்லை.
மூச்சைத் தெரியும்:
இரும்புக் குழல் வழியாக நெருப்புக்குள் போய்
திரும்பி வரும் வழி மூடிக்கொண்டதில்
அங்கேயே தங்கிவிட்ட துளி.

ஒஷாவாவில் ஒரு ஞாயிறு,
எனக்கு விடுமுறை. டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன்.
‘நீங்கள்தானே கொண்டுவந்தனீங்கள், அப்பா,
பிறகேன் காசு?’
நிலானிக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

உள்ளே விளக்கு வைத்திருந்தார்கள்.
எனக்கு ஒன்றையும் அடையாளம் தெரியவில்லை.
சாம்பல் நிற நுரைப் பஞ்சுக்குள்
மீன் மாதிரிக் குளிர்ந்து கிடந்தவையா இவை?
ஒன்று சுவர் முழுக்கத் தேன் வடித்தது.
ஒன்று தன் நிழலைப் பச்சையாக்கித்
தரையில் விரித்து வைத்திருந்தது,
சனங்கள் அதைச் சுற்றி நடந்தார்கள், மிதிக்காமல்.
பட்டுச் சேலை உடுத்திய தெரிந்த முகத்தைப்போல
எல்லாம் என்னைத் தாண்டிப் பார்த்தன.

நிலானி ஒன்றின் முன் நின்றுவிட்டாள்.
‘இதில ஊத்தை.’
குனிந்து பார்த்தேன்.
ஊத்தை இல்லையம்மா, இருபத்திரண்டு.
அதற்குப் பிறகு எளிதாயிற்று.
கீறலைக் கொண்டு ஒன்பதை,
நெளிந்த காம்பைக் கொண்டு நான்கை,
ஒவ்வொன்றாய்ப் பிடித்தேன்.
கடைசிக் கூண்டில் பதினேழு.
முழங்காலில் இருந்து, இரண்டு விரற்கடை அளந்து...

‘கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், சார்.’
காவலர். இளம்பிள்ளை, புதுச் சப்பாத்து.
போன செவ்வாய் இதை நெஞ்சோடு அணைத்து
நனைந்த காலுறையோடு
உங்கள் பின்படிக்கட்டில் ஏறியவன் நான்
என்று சொல்லியிருக்கலாம்.
தள்ளி நின்றேன். அவர் செய்தது சரி.

நான் குனிந்த இடத்தில் கூண்டின் மேல்
ஒரு வட்டம் புகைந்திருந்தது.
அதன் நடுவே, மங்கலாய், அந்தக் கடுகு.
காவலர் பையிலிருந்து துணி எடுத்தார்,
அவர் துடைப்பதற்குள்
வட்டம் ஓரத்திலிருந்து தானே சுருங்கத் தொடங்கியிருந்தது.
ஆனாலும் துடைத்தார்.
சிறு குறிப்பேட்டில் நேரம் எழுதினார்,
கூண்டு எண் எழுதினார்,
பிறகு இன்னும் ஒரு வரி.

அது என்ன வரி என்று எனக்குத் தெரியும்.
வெளியே பார்க்கிங் மீட்டரில்
ஏழு நிமிடம் மிச்சமிருந்தது.