ஐந்து சென்ட் வெயில்

போர்ட் அகஸ்டாவில் ஜனவரி.
நாற்பத்து மூன்று டிகிரி.
கூரையில் பதினெட்டுத் தகடுகள்
வெயிலைக் கறந்துகொண்டிருக்கின்றன.

வீட்டுக்குப் போக மிஞ்சியதைக்
கம்பி வாங்கிக்கொள்கிறது,
யூனிட்டுக்கு ஐந்து சென்ட்.
ராத்திரி அதே கம்பி
அதே யூனிட்டைத் திருப்பித் தரும்,
நாற்பத்தைந்துக்கு.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள்
படி யாருடையது என்று சொல்லவில்லை.

முப்பது வருஷம் மின்கம்பம் ஏறியவன் நான்.
மின்சாரம் ஊர் சுற்றாது.
பக்கத்தில் யாருக்குப் பசியோ
அங்கே நுழைந்துவிடும்.
என் பக்கத்தில் இருப்பது
க்ளெம் ஹார்டிகன்.

அவனுடைய யூகலிப்டஸ்
மூன்றரை மணிக்கெல்லாம்
என் ஆறு தகடுகள் மேல் வந்து படுத்துக்கொள்ளும்.
வெட்டு என்றேன்.
மரம் உனக்கு முன்னால் வந்தது என்றான்.
நகராட்சிக்கு நான் எழுதிய கடிதம் நான்கு,
அவன் எழுதியது ஐந்து.
பேச்சு நின்று ஆறு வருஷம்.

ஆனாலும் மதியத்தில்
வேலிக்கு அந்தப் பக்கம் அவன் ஏசி உறுமும்போது
எனக்குத் தெரியும், அது என் வெயில்.
என்னிடம் ஐந்துக்கு வாங்கி
அவனிடம் நாற்பத்தைந்துக்கு விற்கிறார்கள்;
நடுவில் இருப்பது
பதினொரு மீட்டர் கம்பி.
"அவனைக் குளிரவைக்கவா
கடன் வாங்கித் தகடு போட்டாய்?"
என்பாள் மிர்யானா.

நேற்று ஒரு மணிக்கு இன்வெர்ட்டர் நின்றது.
பச்சை விளக்கு சிவப்பானது.
மின்னழுத்தம் அதிகம்.
தெருவே கடற்கரைக்குப் போயிருக்கிறது,
வாங்க ஆளில்லை,
சரக்கோடு நின்று பார்த்துவிட்டு
கடை தானே சாத்திக்கொண்டது.

சரி, அவன் எங்கே?
காது கொடுத்தேன். உறுமல் இல்லை.
அவன் வண்டி மட்டும் நிற்கிறது,
கண்ணாடியில் இரண்டு நாள் செம்மண்.

சட்டையை மாட்டிக்கொண்டு
அந்த ஆறு வருஷத்தையும் சுற்றிக்கொண்டு போய்க்
கதவைத் தட்டினேன்.

ஈரத் துண்டைத் தலையில் போட்டபடி திறந்தான்.
முகம் சுட்ட செங்கல்.
"மரத்தைப் பத்தின்னா அப்புறம் வா, ட்ராகோ.
மெஷின் செத்துப்போச்சு.
ரிப்பேர்காரன் வெள்ளிக்கிழமைதான் வருவானாம்."

எங்கள் கராஜில் சக்கரம் வைத்த பழைய ஏசி ஒன்று இருந்தது.
வேலிக்கு மேலாக
ஆரஞ்சு நிற எக்ஸ்டென்ஷன் வயர்.
சொருகிவிட்டு வந்து பார்த்தேன்,
இன்வெர்ட்டரில் பச்சை.

இந்த வியாபாரம் எந்த பில்லிலும் ஏறாது.

மூன்றரைக்கு மரம் வழக்கம்போல வந்து படுத்தது.
இருவரும் அண்ணாந்து பார்த்தோம்,
ஒன்றும் சொல்லவில்லை.
கொஞ்சம் கழித்து,
எவ்வளவு தரணும் என்றான்.

நாற்பத்தைந்து என்றேன்.

திருட்டுப்பயலே என்றான்.