தையல் பிரித்தல்

சர்க்கரை இருநூற்றுப் பதினெட்டு.
அதனால்தான் நடை.
இருபத்தாறு வருடம் பேருந்தில்
நின்றுகொண்டே ஊர் ஊராகப் போன கண்டக்டருக்கு
நடக்கச் சொல்லித்தர ஒரு டாக்டர்.

ஊசுட்டேரிக் கரை, ஐந்தே முக்கால்.
மூடுபனிக்குள் நாமக்கோழிகள்
யாரையோ திட்டிக்கொண்டிருக்கின்றன.
பறவைகளின் பெயர் எழுதிய பலகை மேல்
கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருக்கிறார்கள்.
அதன் உச்சியில் ஒரு கரிச்சான்,
வாலை வெட்டிக்கொண்டு.
முன்னால் போகிறாள் அமலோற்பவம்.
ரவிக்கை தைப்பவள்.
வாரத்தில் ஆறு நாள் என் கூட நடை,
ஏழாம் நாள் பூசை.

திங்கட்கிழமை மட்டும்
கரையைப் பார்த்து நடக்க வேண்டும்.
ஞாயிறு வந்து போனவர்கள்
பாட்டிலைக் காலி செய்ததோடு விடுவதில்லை,
உடைத்தும் பார்த்துவிடுகிறார்கள்.
ஊறுகாய் உறை, தண்ணீர்ப் பாக்கெட்,
பாதி பரோட்டா, ஒற்றைச் செருப்பு.
ஒற்றைச் செருப்போடு வீடு போய்ச் சேர்ந்தவன்
என்ன சொல்லிச் சமாளித்திருப்பான்?
இதில் எங்களுக்குள் பல கட்சி உண்டு.

அன்றைக்குச் செருப்புக்குப் பக்கத்தில்
ஒரு வலை கிடந்தது. நைலான், பச்சை.
வலை மூச்சு விட்டது.

தண்ணீர்ப்பாம்பு.
கட்டம் போட்ட உடம்பில்
கட்டம் போட்ட வலை.
எது யாருடைய கட்டம் என்று பிரிக்க முடியவில்லை.
துள்ளத் துள்ள இறுகியிருக்கிறது.
செதிலுக்கடியில் நூல் இறங்கிய இடம்
சிவந்திருந்தது.

போன் போட்டேன்.
மூன்று பேரிடம் மாறி
ஒரு தூக்கக் குரல் வந்தது:
"கரையில எந்தப் பக்கம் சார்?
பாண்டியா, தமிழ்நாடா?"
பார்த்தேன்.
எல்லைக் கல்லுக்குக் குறுக்கே கிடந்தது.
"தலை உங்களுது" என்றேன்.
"வாலப் பத்திக் கேட்டுச் சொல்றேன்,
லைன்லயே இருங்க."
இருந்தேன்.

அமலோற்பவம் அதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.
சாவிக்கொத்தோடு கோத்திருக்கும் நூல்கத்தரி
கையில் வந்திருந்தது.
"கழுத்தப் புடிங்க. அழுத்தாதீங்க.
டிக்கெட் கட்டப் புடிப்பீங்கல்ல, அப்டி."
போனைப் புல்லில் வைத்துவிட்டுப் பிடித்தேன்.
குளிர்ச்சி. அதற்குள்ளே
அவசரமாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

அவள் இழுக்கவில்லை.
ஒரு கண்ணி, நகத்தால் ஒரு தூக்கு, ஒரு வெட்டு.
அடுத்த கண்ணி.
யாரோ தைத்துக் கெடுத்த பட்டு ரவிக்கையைத்
துணி நோகாமல் பிரிப்பாளே, அதே கை.
நடுவில் என் பிடி நழுவி
அவள் கட்டைவிரலைக் கடித்துவிட்டது.
விஷமில்லாத ஜாதி, இரண்டு பேருக்கும் தெரியும்.
ஆனாலும் ரத்தம் ரத்தம்தான்.
"ஊசி ஏறாத நாளா" என்றாள்,
நிமிரவில்லை.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன், தொழில் பழக்கம்.
அறுபத்து மூன்று வெட்டு.
அறுபத்து நான்குக்கு அது நிற்கவில்லை.
கோரையில் ஒரு கோடு,
தண்ணீரில் ஒரு கோடு,
அவ்வளவுதான்.
வால் பக்கம் ஒரு நூல் மிச்சமோ என்றாள்.
இல்லை என்றேன்.
இருந்தது.

புல்லுக்குள்ளிருந்து போன் கேட்டது:
"சார், வால் இப்ப எங்க இருக்கு?"

வலையைச் சுருட்டிப் போட ஒரு பை வேண்டும்.
பைக்கா பஞ்சம்!
வேலிக்காத்தானில் மாட்டிப் படபடத்த ஒன்றைப் பறித்து
உதறினாள்.
உதறிய கை நின்றது.
ரோஸ் நிறம், வெயிலில் வெளிறிய எழுத்து.
அமலி டெய்லர்ஸ்.
ஃபால்ஸ், ஓவர்லாக் செய்து தரப்படும்.

வலையை அதற்குள் திணித்து
முடிச்சு மேல் முடிச்சுப் போட்டாள்.
முந்தானையால் விரலைச் சுற்றிக்கொண்டாள்.
பத்துக்கண்ணு வரை பேச்சில்லை.
டீக்கடை தாண்டினோம், வழக்கமாக நிற்கும் கடை.
அப்புறம் கேட்டாள்:
"போன தீபாவளிக்கு மட்டும்
எத்தன ரவிக்க தச்சிருப்பேன்?"

அதை நான் எண்ணியிருக்கவில்லை.